தண்ணீரோடு மணலும் போக வேண்டும்
வாசகர் கேள்வி – பதில்: தரைப்பாலங்கள்

பெங்களூரில் கோடைமழை தொடங்கியதும் தரைப்பாலம் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. இந்த முறை வந்தவற்றில் பாதிக்குமேல் ராஜகால்வாய் எனப்படும் பெரிய மழைநீர்க் கால்வாயைக் கடக்கும் லேஅவுட் சாலைகளைப் பற்றியவை. ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர் உள்ளவர்கள் ஊர் ஓடைகளைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். சாலை, பாலப் பணிகளில் உள்ள எங்கள் பொறியாளர் குழு பதில் தருகிறது.

கேள்வி: எங்கள் லேஅவுட்டுக்கு வரும் சாலை ஓடையை ஒரு தரைப்பாலத்தில் கடக்கிறது. அடியில் மூன்று ஹியூம் பைப் (கான்கிரீட் குழாய்), மேலே கான்கிரீட். போன வருடம் தண்ணீர் போகும் பக்கத்து ஓரம் உடைந்தது. கான்கிரீட் கொட்டி அடைத்தார்கள். இந்த மே மாத மழையில் அந்த அடைப்பும் சேர்ந்து விழுந்துவிட்டது. கலவை சரியில்லை என்கிறார்கள். அதுதான் காரணமா?
– வாசகி, சர்ஜாப்பூர் சாலை

பதில்: கலவையைக் குற்றம் சொல்வதற்கு முன் அடியில் பாருங்கள் அம்மா. உடைந்தது கான்கிரீட், ஆனால் அதற்கு முன்பே போய்விட்டது அதைத் தாங்கிய மண்.

பாலத்துக்கு மேலே இரண்டடி உயரத்துக்குத் தண்ணீர் ஏறி வழிகிறது என்று வைத்துக்கொள்வோம். சாலையைக் கடக்கும்போது அதன் வேகம் வினாடிக்குச் சுமார் 2 மீட்டர். சாலை மட்டத்துக்கும் கீழ்ப்பக்கப் படுகைக்கும், அதாவது தண்ணீர் போகும் பக்கத்துப் படுகைக்கும், ஒரு மீட்டர் இறக்கம் இருந்தால், கீழே விழும் இடத்தில் அந்த வேகம் வினாடிக்கு 5 மீட்டரைத் தாண்டிவிடும். அரை மில்லிமீட்டர் மணலை நகர்த்த வினாடிக்கு அரை மீட்டர் வேகமே போதும். ஆகவே தண்ணீர் விழும் இடத்தில் பள்ளம் விழத்தான் செய்யும். பள்ளத்துக்குள் தண்ணீர் சுழலும்போது ஒரு பகுதி பாலத்தை நோக்கித் திரும்பி வந்து, கான்கிரீட் தளத்தின் அடி மண்ணைச் சுரண்டி எடுக்கும். தளத்தின் ஓரம் அந்தரத்தில் நிற்கும். அதன்மேல் ஒரு தண்ணீர் லாரியின் சக்கரம் ஏறினால் போதும், உடைந்துவிடும். மழை நின்று நான்கு நாள் கழித்துத்தான் பல பாலங்கள் உடைகின்றன என்பதற்கு இதுவே காரணம்.

உடைந்த இடத்தில் கான்கிரீட்டைக் கொட்டுவது இளகிய மண்ணின்மேல் கூடுதல் பாரம் வைப்பதுதான். இறக்கம் அப்படியே இருக்கிறது, விழும் வேகம் அப்படியே இருக்கிறது. அடுத்த வெள்ளத்தில் பள்ளம் அடைப்புக்கு அப்பால் தொடங்கி அதன் அடிக்கு வரும்.

செய்ய வேண்டியது முதலில் தடுப்புச் சுவர், அதாவது அடி மண் அரித்துப் போகாமல் தளத்தின் ஓரத்தில் மண்ணுக்குள் இறக்கும் சுவர். தண்ணீர் போகும் பக்கம் தள மட்டத்திலிருந்து 2.5 மீட்டர் ஆழம், வரும் பக்கம் 2 மீட்டர். ஆழமில்லாத அடித்தளம் உள்ள சிறு பாலங்களுக்கு இந்தியச் சாலைக் காங்கிரஸ் என்ற சாலைப் பொறியாளர் அமைப்பின் நெறிமுறை சொல்லும் குறைந்தபட்ச ஆழங்கள் இவை. அதற்கு முன்னரே பாறை தட்டினால் சுவரைப் பாறையில் பதித்து நிறுத்தலாம்; பெங்களூரில் பல ஓடைகளில் அப்படி அமையும். இரண்டாவது, வரும் பக்கம் 3 மீட்டரும் போகும் பக்கம் 5 மீட்டரும் நீளும் கெட்டித் தளம். அதையும் தாண்டி, 40 கிலோவுக்குக் குறையாத கற்களை ஒரு மீட்டர் கனத்துக்கு அடுக்கிய விரிப்பு: வரும் பக்கம் 3 மீட்டர், போகும் பக்கம் 6 மீட்டர். கல் விரிப்புக்குச் சிமெண்ட் பூசக் கூடாது. அடியில் பள்ளம் விழுந்தால் கற்கள் சரிந்து அதை மூடுவதற்காகத்தான் அவை தளர்வாக வைக்கப்படுகின்றன. பூசிவிட்டால் அந்த வேலை நடக்காது.

பணம் குறைவு என்றால் கல் விரிப்பின் நீளத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். போகும் பக்கத்துத் தடுப்புச் சுவரின் ஆழத்தில் கை வைக்க வேண்டாம். வேலையை ஜனவரிக்கும் மார்ச்சுக்கும் இடையில் முடித்துவிடுங்கள்.

கேள்வி: வெள்ளம் வடிந்ததும் போய்ப் பார்த்தோம். படுகை பழையபடி சமமாகத்தான் இருக்கிறது. பள்ளம் எதுவும் இல்லை. அப்படியானால் ஆபத்தில்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– வாசகர், கிருஷ்ணராஜபுரம்

பதில்: கூடாது. தரைப்பாலங்களில் மிகவும் ஏமாற்றுவது இந்தச் சமமான படுகைதான்.

வெள்ளம் ஏறும்போது படுகை தோண்டப்படுகிறது. உச்சத்தில் பள்ளம் மிக ஆழமாக இருக்கும். வெள்ளம் இறங்கும்போது வேகம் குறைகிறது, மேலிருந்து வரும் மணல் அதே பள்ளத்தில் இறங்கி நிரப்பிவிடுகிறது. அரை மில்லிமீட்டர் மணல் ஒரு மீட்டர் நிலைத்த தண்ணீரில் கால் நிமிடத்துக்குள் அடியில் போய்ச் சேரும். நூறில் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நுண்வண்டலுக்கு அதே தூரத்துக்குச் சுமார் மூன்று மணி நேரம் ஆகும். அதனால் முதலில் மணல் நிரம்புகிறது, கடைசியில் அதன்மேல் சேறு ஒரு படலமாகப் படிகிறது. காலையில் பார்த்தால் வழவழவென்று சமமாகத் தெரியும். அடியில் நிரம்பியிருப்பது இறுகாத மணல்; பாலத்துக்கு அது எந்தப் பலமும் தராது. அடுத்த வெள்ளத்தின் முதல் அரை மணியில் மறுபடி கிளம்பிவிடும்.

சோதிக்க ஒரு கம்பி போதும். 12 மி.மீ. முறுக்குக் கம்பி, 2 மீட்டர் நீளம், 10 செ.மீ.க்கு ஒரு பெயிண்ட் கோடு. ஓட்டம் முழுதாக நின்ற பிறகு, தளத்தின் கீழ்ப்பக்க ஓரத்திலிருந்து அரை மீட்டர், 1 மீட்டர், 2 மீட்டர், 4 மீட்டர் தூரங்களில் கம்பியைக் கையால் அழுத்துங்கள். பாலத்திலிருந்து 30 மீட்டர் மேலே, வெள்ளம் தோண்டாத இடத்திலும் அதேபோல் அழுத்திப் பாருங்கள். அங்கே 20, 30 செ.மீ.யில் நிற்கும் கம்பி பாலத்தின் ஓரத்தில் ஒரு மீட்டர் சுலபமாக இறங்கினால், அந்த ஒரு மீட்டரும் இந்த வெள்ளத்தில் தோண்டி நிரம்பியது என்று கொள்ளலாம். அதைத் தடுப்புச் சுவரின் ஆழத்தோடு ஒப்பிடுங்கள். சுவரின் பாதிக்குமேல் பள்ளம் இறங்கியிருந்தால் உடனே கவனிக்க வேண்டும்.

இன்னும் துல்லியமாகத் தெரிய வேண்டுமென்றால், மழைக்கு முன்பே படுகையில் குழி தோண்டி ஓர் இரும்புச் சங்கிலியைச் செங்குத்தாகப் புதைத்துவையுங்கள். மேல்முனை படுகை மட்டத்தில் இருக்கட்டும். கீழ்முனையில் ஒரு கனமான கல் கட்டுங்கள். வெள்ளம் தோண்டும் ஆழம் வரை சங்கிலி வெளிப்பட்டுச் சாய்ந்துவிடும், பிறகு அதன்மேல் மணல் மூடும். கோடையில் தோண்டிப் பார்த்தால் சங்கிலி எந்த ஆழத்தில் மடங்கியிருக்கிறதோ, அதுவே வெள்ளத்தில் படுகை இருந்த மட்டம். செலவு சில நூறு ரூபாய்தான்.

கான்கிரீட் தளத்தையும் விடாதீர்கள். ஒரு கிலோ சுத்தியலால் அரை மீட்டருக்கு ஒரு தட்டு. கணீரென்று கேட்டால் அடியில் மண் இருக்கிறது. பொத்தென்று கேட்டால் வெற்றிடம். அந்த இடத்தைச் சாக்கட்டியால் வட்டமிட்டுப் படம் எடுங்கள். வெற்றிடத்தைச் சிமெண்ட் கூழ் செலுத்தி நிரப்பலாம், ஆனால் கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவரை முடித்த பிறகுதான். அதற்கு முன் செலுத்தினால் கூழ் திறந்த ஓரம் வழியாக ஓடைக்குப் போய்விடும்.

கேள்வி: எங்கள் பகுதியில் ஏரிக்கு மேலே ஒரு தரைப்பாலம், ஏரி நிரம்பி வழியும் கோடிக்குக் கீழே ஒன்று. மேலே உள்ளது வருடா வருடம் மணலில் மூடுகிறது. கீழே உள்ளது அரித்துக்கொண்டே போகிறது. ஒரே ஓடையில் இரண்டு விதமாக நடப்பது எப்படி?
– வாசகர், குஞ்சூர்

பதில்: நடுவில் ஏரி இருப்பதால்தான். மேலிருந்து மணலோடு வரும் ஓட்டம் ஏரியின் நிலைத்த தண்ணீரில் நுழைந்ததும் வேகம் இழக்கிறது. மணல் ஏரியின் வாயிலேயே இறங்கி, அங்கிருந்து பின்னோக்கி ஓடையிலும் மேடு கட்டுகிறது. உங்கள் மேல் பாலம் அந்த மேட்டுக்குள் இருக்கிறது.

கோடி வழியாக வழியும் தண்ணீரில் மணல் ஏறக்குறைய இல்லை. ஆனால் மணலைச் சுமக்கும் சக்தி அப்படியே இருக்கிறது. கீழே இறங்கி ஓட்டம் வேகம் எடுத்ததும், படுகையிலிருந்தும் கரையிலிருந்தும் மண்ணை எடுத்துக்கொள்கிறது. மேலிருந்து புதிய மணல் வந்து அந்த இடத்தை நிரப்புவதும் இல்லை. ஆகவே கீழ்ப் பாலத்துக்குத் தடுப்புச் சுவர் ஆழமாக வேண்டும். மேல் பாலத்துக்குத் திறப்பு உயரமாக வேண்டும். ஒரே வரைபடத்தை வைத்து இரண்டையும் கட்டினால் இரண்டும் கெடும்.

பெங்களூர் ஏரிகள் சங்கிலியாக அமைந்தவை. கோரமங்களா, சல்லகட்டா பள்ளத்தாக்குத் தண்ணீர் பெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணைக்குப் போய், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையை அடைகிறது. ஒவ்வோர் ஏரியும் மணலைப் பிடித்துவைத்தது. சங்கிலியில் ஓர் ஏரி தூர்ந்தாலோ மறைந்தாலோ, அது பிடித்துவைத்த மணல் அடுத்த பாலத்துக்கு வரும். உங்கள் மேல் பாலத்தில் சேர்வது திடீரென்று அதிகரித்திருந்தால், அதற்கு மேலே உள்ள ஏரி அல்லது குட்டைக்கு என்ன ஆனது என்று போய்ப் பாருங்கள்.

கேள்வி: ஏப்ரலில் பைப்புகளைத் தூர்வாருகிறார்கள். ஜூனில் பாதிக்குமேல் அடைத்துவிடுகிறது. ஏன்?
– வாசகர், பேகூர்

பதில்: நான்கு காரணங்களைச் சரிபாருங்கள்.

வாரிய மண் எங்கே போனது என்பது முதலாவது. பெரும்பாலும் கரையிலேயே குவித்திருப்பார்கள், காய்ந்த பிறகு எடுக்கலாம் என்று. முதல் கனமழை அதைத் திரும்ப உள்ளே தள்ளிவிடும். சேறு வடிவதற்கு ஒரு நாள் விடலாம். மறுநாளே டிப்பரில் ஏற்றி அனுப்ப வேண்டும். ஒப்பந்தத்தில் தூர்வாரும் கூலியையும் அகற்றும் கூலியையும் ஒன்றாகச் சேர்த்து, மண் போன பிறகே பணம் என்று எழுதினால்தான் இது நடக்கும்.

இரண்டாவது பைப்புகளின் வரிசை. ஓடையின் இயல்பான அகலம் 4 மீட்டராக இருக்க, 10 மீட்டர் அகலத்துக்கு ஆறு பைப்புகளை ஒரே மட்டத்தில் வைத்திருப்பார்கள். சாதாரண மழையில் தண்ணீர் ஆறிலும் மெல்லிசாகப் பரவி, எதிலும் மணலைத் தள்ளும் வேகம் இருக்காது. ஓரத்துப் பைப்புகள் முதலில் அடைக்கும். நடுவில் உள்ள ஒன்றிரண்டைப் படுகை மட்டத்திலும், மற்றவற்றை 30 செ.மீ. உயர்த்தியும் வைத்தால் சிறு ஓட்டம் முழுவதும் நடுவில் குவிந்து அதைத் தானே கழுவிக்கொள்ளும். ஓரத்துப் பைப்புகள் பெருவெள்ளத்துக்கு மட்டும் வேலை செய்யும்.

மூன்றாவது குப்பை. ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக்கும் பைப்பின் வாயை மூடியதும், அதற்கு மேலே தண்ணீர் தேங்குகிறது. தேங்கிய தண்ணீரில் மணல் இறங்குகிறது. மணல் அடைப்பு என்று நாம் பார்ப்பது பல இடங்களில் குப்பை அடைப்பின் விளைவு. பைப்பின் வாயிலேயே கம்பித் தடுப்பு போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். போடுவதென்றால் 10, 15 மீட்டர் மேலே, ஜே.சி.பி. எட்டக்கூடிய இடத்தில் சாய்வாகப் போடுங்கள். அங்கேயே படுகையில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு மணல் குழி ஒன்றும் வெட்டிவையுங்கள். பைப்புக்குள் புகுந்த மணலை எடுப்பதைவிடக் குழியில் விழுந்த மணலை எடுப்பது எளிது.

நான்காவது மண் வரும் இடம். புல்லை வழித்துச் சமப்படுத்திய மனைப்பிரிவு, சாலையோரம் குவித்த எம்-சாண்ட், திறந்து கிடக்கும் அடித்தளக் குழி. செம்மண் ஒரு மழைக்குக் கரைந்து வரும். குவியலைச் சுற்றி இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினாலே கணிசமாகக் குறையும்.

ஒரு கடுமையான வேண்டுகோள். பெங்களூர் ஓடைகளில் கழிவுநீர் கலந்திருக்கிறது. அடைத்த பைப்புக்குள் நச்சு வாயு தங்கியிருக்கும். எந்த நிலையிலும் ஆளை உள்ளே அனுப்பாதீர்கள். நீர்ப் பீய்ச்சியாலும் இயந்திரத்தாலும் செய்ய முடியாத பைப் என்றால், அதை மாற்றுவதற்கான காரணம் அதுவே.

கேள்வி: மூன்று 900 மி.மீ. பைப் போதுமா என்று நாங்களே கணக்குப் போட முடியுமா?
– குடியிருப்போர் சங்கம், பொம்மனஹள்ளி

பதில்: தோராயமாக முடியும். ஹெக்டேரில் பரப்பு, மணிக்கு மில்லிமீட்டரில் மழை, பெய்த மழையில் ஓடைக்கு ஓடிவரும் பங்கு மூன்றையும் பெருக்கி 360ஆல் வகுத்தால் வினாடிக்கு எத்தனை கன மீட்டர் என்று கிடைக்கும்.

பாலத்துக்கு மேலே 1 சதுர கிலோமீட்டர், அதாவது 100 ஹெக்டேர். மழை மணிக்கு 60 மி.மீ. நிலம் தோட்டமும் வயலுமாக இருந்தபோது ஓடிவரும் பங்கு 0.3, தண்ணீர் வினாடிக்கு 5 கன மீட்டர். அதே நிலம் வீடும் சிமெண்ட் சாலையுமாக மாறினால் பங்கு 0.6, தண்ணீர் 10 கன மீட்டர். மழை கூடவில்லை, வெள்ளம் இரட்டிப்பாகிவிட்டது.

900 மி.மீ. பைப்பின் வாய் 0.64 சதுர மீட்டர். வினாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஒன்றில் 1.27, மூன்றில் 3.8 கன மீட்டர் போகும். மீதி 6.2 கன மீட்டர் மேலே ஏறும். 20 மீட்டர் நீளத்தில் வழிந்தால், பாலத்துக்குத் தண்ணீர் வரும் பக்கம் நீர்மட்டம் சாலை மட்டத்துக்கு மேல் ஓரடிக்குச் சற்று அதிகமாக நிற்கும். இது பைப்புகள் சுத்தமாக இருந்தால். பாதி மணல் என்றால் போகும் தண்ணீர் பாதிக்கும் குறைவு.

10 கன மீட்டரையும் அடியிலேயே விட எட்டு பைப் வேண்டும். அதற்குப் பதில் 3 மீட்டர் அகலம், 1.5 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் பெட்டி வைத்தால் அதே வேகத்தில் 9 கன மீட்டர் போகும். பெட்டிக்கே எங்கள் ஓட்டு. பைப் வாயில் குறுக்கே நின்றுவிடும் மரக்கிளை பெட்டி வழியாகப் போய்விடும். சிறிய இயந்திரம் உள்ளே போய்த் தூர்வாரவும் முடியும். உங்கள் ஓடைக்கான மழை அளவையும் வெள்ள மட்டத்தையும் பொறியாளர் உறுதிப்படுத்தட்டும். சங்கத்தில் பேச்சைத் தொடங்க இந்தக் கணக்கு போதும்.

கேள்வி: முழங்கால் அளவுத் தண்ணீர்தானே, காரில் கடக்கலாமா?
– வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: வேண்டாம். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. இருந்தாலே நடப்பவர் கால் தடுமாறும். 30 செ.மீ.யில் பல சிறிய கார்கள் மிதக்கத் தொடங்கும். 60 செ.மீ. பெரிய வண்டிகளையும் தள்ளிக்கொண்டு போகும். இதைவிடப் பெரிய ஆபத்து, கலங்கிய தண்ணீருக்கு அடியில் சாலை இருக்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. கீழ்ப்பக்க ஓரம் அந்தரத்தில் நிற்பதைப் பற்றி மேலே சொல்லியிருக்கிறோம். முன்னால் போன வண்டி கடந்துவிட்டது என்பது சான்று ஆகாது; அதன் எடைதான் ஓரத்தைக் கடைசியாக அசைத்ததாக இருக்கலாம்.

கேள்வி: கனகபுரா சாலையில் எங்கள் தோட்டத்து ஓடையில் அரை அடிக் கற்களைக் கொட்டினோம். ஒரே மழையில் ஒன்றும் இல்லை. எந்த அளவுக் கல் போட வேண்டும்?
– வாசகர், ஜெயநகர்

பதில்: ஓட்டத்தின் வேகத்தைக் கண்டுபிடித்தால் கல்லின் அளவு கிடைத்துவிடும். வேகத்தை வேகத்தாலேயே பெருக்கி, அதை 0.042ஆல் பெருக்குங்கள், கல்லின் விட்டம் மீட்டரில் வரும். வினாடிக்கு 2 மீட்டர் என்றால் 17 செ.மீ. 3 மீட்டர் என்றால் 38 செ.மீ., எடை சுமார் 75 கிலோ. 4 மீட்டர் என்றால் 67 செ.மீ., எடை 400 கிலோவுக்கு மேல். வேகம் இரட்டித்தால் விட்டம் நான்கு மடங்கு, எடை 64 மடங்கு. உங்கள் அரை அடிக் கல் 2 மீட்டர் வேகத்துக்கே தாங்காது.

வேகத்தை அளக்க, கரையில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு முளை அடித்துவைத்து, வெள்ளத்தில் மிதந்து வரும் குச்சி இரண்டையும் கடக்கும் நேரத்தைக் கரையில் நின்றபடியே குறித்துக்கொள்ளுங்கள். கிடைப்பது மேற்பரப்பு வேகம். அதை 0.85ஆல் பெருக்கினால் சராசரி. கல்லுக்கு மேற்பரப்பு வேகத்தையே எடுத்துக்கொண்டால் கொஞ்சம் பாதுகாப்புக் கிடைக்கும்.

3 மீட்டரைத் தாண்டும் இடத்தில் தனிக் கல்லை நம்ப முடியாது. 2 மீட்டர் நீளம், 1 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரமுள்ள கம்பி வலைப் பெட்டிகளில் 15 முதல் 25 செ.மீ. கற்களை நெருக்கமாக அடுக்கி, ஒரு பெட்டியை அடுத்ததோடு கம்பியால் தைத்துவிடுங்கள். கல் வலைக் கண்ணைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். உடைந்த செங்கல்லையும் கட்டட இடிபாட்டையும் நிரப்பினால் இரண்டு மழையில் பொடிந்து, பெட்டி தொளதொளத்துவிடும். விருஷபாவதி போலக் கழிவுநீர் ஓடும் இடமானால் வெறும் துத்தநாகப் பூச்சுக் கம்பி சீக்கிரம் அரித்துப்போகும், மேலே பி.வி.சி. உறை உள்ளதாகக் கேட்டு வாங்குங்கள்.

பலர் விட்டுவிடுவது அடியில் போட வேண்டிய வடிகட்டி. மணல் படுகையின்மேல் நேரடியாகக் கல் வைத்தால், கல் இடுக்குகள் வழியே ஓட்டம் மணலை உறிஞ்சி எடுத்துவிடும். கல் ஓடிப்போகாமல் இருந்தாலும் புதைந்துபோகும். 15 முதல் 20 செ.மீ. கனத்துக்குச் சரளையும் ஜல்லியும் பரப்புங்கள், அல்லது ஜியோடெக்ஸ்டைல் துணி விரியுங்கள். உங்கள் கற்களில் சில அங்கேயே ஓரடி ஆழத்தில் புதைந்து கிடக்கவும் வாய்ப்பு உண்டு.

கேள்வி: ஒவ்வொரு மழைக்கும் சாலை முழுகுகிறது. மண் கொட்டி மூன்றடி உயர்த்திவிடலாம் என்று எங்கள் தெருவில் முடிவு செய்திருக்கிறோம். சரியா?
– வாசகர், ஆனேக்கல்

பதில்: தயவுசெய்து நிறுத்துங்கள். திறப்பைப் பெரிதாக்காமல் சாலையை மட்டும் உயர்த்தினால் அது அணையாகிவிடும். மேலே தேங்கும் தண்ணீர் பக்கத்து வீடுகளுக்குள் போகும். அணைக்காகக் கட்டாத மண்மேட்டின் மேல் தண்ணீர் வழிந்தால் சில மணி நேரத்தில் அறுத்துக்கொண்டு போய்விடும். கீழ்ப்பக்க இறக்கம் ஒரு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டரானால், சாலையைக் கடக்கும் வேகத்தைச் சேர்க்காமல் இறக்கத்தால் மட்டும் வரும் வேகம் வினாடிக்கு 4.4 மீட்டரிலிருந்து 6.3 ஆகும், அங்கே போட வேண்டிய கல்லின் விட்டம் இரண்டு மடங்கு, எடை எட்டு மடங்கு.

இன்னொன்றும் நடக்கும். பாலத்தின் நடுப்பகுதி உயர்ந்து இரு பக்கத்து அணுகுசாலை தாழ்ந்திருந்தால், தண்ணீர் தாழ்ந்த பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகும். பாலம் முழுசாக நிற்கும், அதன் பக்கத்தில் புதிய ஓடை ஓடும். ஆகவே சாலையின் மிகத் தாழ்ந்த இடம் ஓடையின் நடுவில்தான் இருக்க வேண்டும். இரண்டு முனைகளும் வெள்ள மட்டத்துக்கு மேல் ஏற வேண்டும். தடுப்புச் சுவர்களின் முனைகள் இயல்பான கரைக்குள் குறைந்தது 2 மீட்டர் நுழைந்திருக்க வேண்டும். ஓரத்தில் கெட்டியான கைப்பிடிச் சுவர் வேண்டாம். அது குப்பையைப் பிடித்து நீர்மட்டத்தை ஏற்றும். 2 மீட்டருக்கு ஒரு குட்டைத் தூண் நட்டு, வெள்ளை அடித்து, உயரக் கோடுகள் போட்டால் போதும்.

கேள்வி: சொந்த ஊர் ஊத்தங்கரை அருகே. 2024 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தரைப்பாலத்தின் கீழ்ப்பக்கம் ஓர் ஆள் ஆழம் இறங்கிவிட்டது. மேல்பக்கம் மாற்றமில்லை. வெள்ளம்தான் காரணமா?
– வாசகர், மர்பி டவுன்

பதில்: ஃபெஞ்சல் புயலில் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை பெய்தது, எந்த ஓடையும் அதற்குப் பிறகு பழையபடி இருக்காது. ஆனால் ஓர் ஆள் ஆழத்துக்குப் படுகை முழுவதும் தாழ்ந்திருந்தால் கீழே மணல் எடுத்தார்களா என்று விசாரியுங்கள். மணல் எடுத்த குழியின் மேல்விளிம்பில் ஒரு படி உண்டாகும். ஒவ்வொரு வெள்ளத்திலும் அந்தப் படி உடைந்து உடைந்து மேல்நோக்கி நகரும். தரைப்பாலம் வரை வந்ததும் கான்கிரீட்டில் முட்டி நின்றுவிடும். அதனால்தான் மேல்பக்கம் மாற்றமில்லை. மேலே உள்ள படுகையை இப்போது உங்கள் பாலம் ஒன்றுதான் தாங்கி நிற்கிறது. பாலம் போனால் மேலே உள்ள கிணறுகளின் நீர்மட்டமும் இறங்கும்.

கோடையில் பாலத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் கீழே நடந்து பாருங்கள். கரை மரங்களின் வேர் அந்தரத்தில் தொங்குவது, மின்கம்பத்தின் அடித்தளம் வெளியே தெரிவது, படுகையில் படிபடியாக இறக்கம், இவையெல்லாம் சாட்சிகள். பாலத்தை மட்டும் பழுதுபார்த்தால் நிற்காது. கீழே 20, 30 மீட்டருக்கு ஒன்றாகத் தாழ்வான கல் தடுப்புகளைக் குறுக்கே கட்டி, மொத்த இறக்கத்தை அரை மீட்டர் படிகளாகப் பிரிக்க வேண்டும். தடுப்புகளுக்கு இடையில் மணல் தானாக நிரம்பும், யாரும் அள்ளாமல் இருந்தால்.

கேள்வி: யாரிடம், எப்படி மனு கொடுப்பது?
– வாசகி, அல்சூர்

பதில்: பெங்களூரு மாநகராட்சி 2025 செப்டம்பரில் ஐந்தாகப் பிரிந்துவிட்டது; முதலில் உங்கள் தெரு எந்த மாநகராட்சியில் வருகிறது என்று பாருங்கள். நகருக்கு வெளியே என்றால் சாலை ஊராட்சியுடையதா, பொதுப்பணித் துறையுடையதா என்று கேட்டறியுங்கள். மனு ஒரு பக்கம், கன்னடத்தில். பாலத்தின் நீளம், பைப்புகளின் எண்ணிக்கை, விட்டம், எத்தனை அடைத்திருக்கின்றன, கீழ்ப்பக்கப் பள்ளத்தின் ஆழம், வெள்ளம் ஏறிய மட்டத்துக்குச் சுவரில் போட்ட கோடு, தேதி, நேரம். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை நிறுத்துங்கள். “சாலையைச் சரிசெய்யவும்” என்று எழுதினால் தார் போட்டுவிட்டுப் போவார்கள். “கீழ்ப்பக்கத் தடுப்புச் சுவரும் கல் விரிப்பும் வேண்டும், அதற்கு மதிப்பீடு தயாரிக்கவும்” என்று எழுதுங்கள்.

கேள்வி: தரைப்பாலத்தின் மேல் தார் போடலாமா?
– வாசகர், ஓசூர்

பதில்: போடக் கூடாது. தண்ணீர் ஓரத்தில் புகுந்து தார்ப் படலத்தைப் பாயாக உரித்துவிடும். எம்30 தரக் கான்கிரீட், 20 செ.மீ. கனம், வெள்ள மட்டம் வரை அணுகுசாலைக்கும் சேர்த்து. இணைப்புகளைப் பிசினால் அடைத்துவையுங்கள்; அந்த இடுக்கு வழியாகத்தான் அடி மண் முதலில் வெளியேறத் தொடங்கும்.